கிளை நூலகங்களில் மூத்தோருக்கு ஏஐ சொல்லிக்கொடுங்கள்: பொது நூலகத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொது நூலக இயக்குநர் அவர்களுக்கும், மாவட்ட நூலக அலுவலர்களுக்கும், கிளை நூலகர்களுக்கும் வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. சீர்காழிப் பக்கம் வசிக்கிறேன். உங்கள் நூலகத்தின் நெடுநாள் உறுப்பினர். ஒரே ஒரு கோரிக்கைக்காக இதை எழுதுகிறேன். கிளை நூலகங்களில் வாரத்துக்கு ஒரு நாள், இரண்டு மணி நேரம், 60 வயது கடந்தவர்களுக்கென்று ஒதுக்குங்கள். அவரவர் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வரட்டும். ஏஐ என்கிற செயற்கை நுண்ணறிவை அன்றாட வேலைகளுக்கு எப்படிப் பயன்படுத்துவது, எந்த இடத்தில் அதை நம்பக்கூடாது என்பதை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கட்டும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் ஏஐ கற்றுக்கொடுக்கத் திட்டங்கள் வந்துகொண்டிருக்கின்றன. நல்லது. ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே தமிழ்நாட்டில் 10.4 சதவீதம் பேர் 60 வயது கடந்தவர்கள். நாடு முழுவதற்கும் அது 8.6 சதவீதம்தான். அதற்குப் பிறகு நம் மாநிலத்தில் மூத்தோர் பங்கு கூடித்தான் வந்திருக்கிறது. இவர்களுக்குக் கற்றுத்தர எங்கள் ஊரில் ஓர் இடம் இல்லை.

எங்கள் வயதுக்காரர்களுக்கு எதற்கு ஏஐ என்று கேட்பவர்கள் உண்டு. மற்ற எல்லாரையும்விட எங்களுக்குத்தான் அது அதிகம் உதவும் என்று நான் நினைக்கிறேன். கைப்பேசியில் எங்களுக்கு இருந்த பெரிய தடை, எழுத்துகளைத் தட்டுவது. கண் மங்கல், விரல் நடுக்கம், ஒரு எழுத்தைத் தொட்டால் பக்கத்து எழுத்து விழும். இப்போது தமிழில் வாய்விட்டுக் கேட்டால் தமிழிலேயே பேசிப் பதில் சொல்கிறது. கூகுளின் ஏஐ செயலியான ஜெமினி 2024-இல் தமிழுக்கு வந்துவிட்டது. சாட்ஜிபிடி என்ற இன்னொரு ஏஐ செயலியிடமும் தமிழில் பேசலாம். இந்திய மொழிகளுக்காக மத்திய அரசே 2022-இல் பாஷினி என்ற மொழிபெயர்ப்புத் தளத்தைத் தொடங்கியிருக்கிறது. ஆக, கருவி எங்கள் மடியில் கிடக்கிறது. அதை எப்படித் தொடுவது என்று காட்ட ஆள் இல்லை, அவ்வளவுதான் குறை.

எங்கள் தெருவிலும் உறவிலும் இதைப் பயன்படுத்தும் மூத்தவர்களை நான் கவனித்து வருகிறேன். அவர்கள் செய்வதெல்லாம் சின்னச் சின்ன வேலைகள். ஆனால் ஒவ்வொன்றும் அவர்கள் முன்பு இன்னொருவர் கையை எதிர்பார்த்துச் செய்தவை.

வங்கியிலிருந்தும் காப்பீட்டு நிறுவனத்திலிருந்தும் வரும் ஆங்கிலக் கடிதங்களை எடுத்துக்கொள்ளுங்கள். கணவர் இறந்த பிறகு வரும் கடிதங்கள் குறிப்பாக. நாமினி, கேஒய்சி, வாரிசுச் சான்று என்று ஏதேதோ கேட்டிருப்பார்கள். மகன் வெளியூரில் இருப்பான். வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பிவிட்டு, அவன் அலுவலகம் முடிந்து பதில் சொல்லும்வரை அந்த அம்மா பதற்றத்தோடு காத்திருப்பார். இப்போது அதே படத்தை ஏஐ செயலியில் போட்டு, “இதில் என்ன எழுதியிருக்கிறது, நான் என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள்?” என்று கேட்கிறார். தமிழில் விளக்கம் வருகிறது. புரியாவிட்டால் இன்னொரு தடவை கேட்கிறார். பிறகு வங்கிக்குப் போய், என்ன கேட்க வேண்டுமோ அதைத் தெளிவாகக் கேட்கிறார். பழைய கிரயப் பத்திரத்தின் கடினமான நடையையும் வில்லங்கச் சான்றில் உள்ள பதிவுகளையும் இதே மாதிரி விளங்கிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். இறுதி முடிவுக்கு வக்கீலோ பத்திர எழுத்தரோ வேண்டும்தான். ஆனாலும் அவர்கள் முன்னால் போய் உட்காரும்போது தன் சொத்தைப் பற்றித் தனக்கே கொஞ்சம் தெரிந்திருப்பது வேறு விஷயம்.

அப்புறம் மனு. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்ப் பாருங்கள். வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர்கள் முன்னால் வயதானவர்கள் காத்திருப்பார்கள். அந்த எழுத்தர்கள் தொழில் தெரிந்தவர்கள், எந்த மனு எந்த மேசைக்குப் போகும் என்று அறிந்தவர்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் குடிநீர்க் குழாய் சரியில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்பதற்கெல்லாம் பஸ் ஏறிப் போய் எழுதி வாங்க வேண்டியதில்லை. நடந்ததைப் பேச்சு வழக்கிலேயே சொன்னால் ஏஐ ஒழுங்கான கடிதமாக எழுதித் தருகிறது. அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, “இல்லப்பா, மூணு மாசமா இல்ல, ரெண்டு மாசம்தான்” என்று திருத்தவும் முடிகிறது. தன் குறையைத் தன் வாயால் சொல்லி, அது சரியாகப் பதிவானதா என்று தானே சரிபார்ப்பது மதிப்புள்ள விஷயம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு இது வாழ்நாளில் கிடைக்காத ஒன்று.

காது கேளாமை பற்றியும் சொல்ல வேண்டும். காதுக் கருவி வாங்க வசதியில்லாதவர்கள், வாங்கியும் இரைச்சல் தாங்காமல் அலமாரியில் வைத்தவர்கள் எத்தனையோ பேர். நாளாக ஆகப் பேச்சில் கலந்துகொள்வதையே விட்டுவிடுகிறார்கள். ஆண்ட்ராய்டு போன்களுக்கு லைவ் டிரான்ஸ்கிரைப் என்ற வசதி 2019 முதல் கிடைக்கிறது. எதிரே இருப்பவர் பேசப் பேச, சொற்கள் திரையில் பெரிய எழுத்தில் ஓடும். தமிழுக்கும் உண்டு. காசு கிடையாது. கல்யாண மண்டபத்துச் சத்தத்தில் அது தடுமாறும். வீட்டுக் கூடத்தில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேசினால் நன்றாகவே எழுதுகிறது. இப்படி ஒன்று இருப்பதே பலருக்கும் தெரியவில்லை. மொழியைத் தமிழுக்கு மாற்றி, எழுத்தைப் பெரிதாக்கி, முகப்புத் திரையில் வைத்துக் கொடுக்கச் சில நிமிடங்கள் போதும். அந்தச் சில நிமிடங்களைக் கொடுக்க ஆள் இல்லாததால் எத்தனை பேர் தங்கள் வீட்டுக்குள்ளேயே தனியாக இருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

மருந்து அட்டையில் காலாவதித் தேதியைக் கேமரா வழியாகப் பெரிதாக்கிப் படிப்பது, பஸ் பலகையை வாசிக்கச் சொல்வது, பேரனின் பாடத்தில் ஒரு சந்தேகம் கேட்பது, மறந்துபோன ஒரு பலகாரத்தின் பக்குவம் கேட்பது. இவையெல்லாம் தாமாக வந்துவிடும், தனியாகச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். எங்களில் பலருக்கு இதில் பிடித்தது, இது சலித்துக்கொள்வதில்லை என்பதுதான். “அதான் போன வாரமே சொன்னேனே” என்று பிள்ளைகள் சொல்லும் ஒரு சொல் போதும், அதற்குப் பிறகு நாங்கள் கேட்க மாட்டோம். பிள்ளைகள் மேல் தப்பில்லை, அவர்களுக்கு ஆயிரம் வேலை. ஆனால் கேட்காமலே இருந்துவிடுவதால்தான் பணமும் போகிறது, உரிமையும் போகிறது.

இவ்வளவு நல்லது சொன்ன நான், இதன் ஆபத்துகளையும் அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டும். சொல்லப்போனால் நூலகம் வேண்டும் என்று நான் கேட்பதற்கு முக்கியக் காரணமே இந்த ஆபத்துகள்தான்.

ஏஐ தெரியாததையும் தெரிந்த தொனியிலேயே சொல்லும். அது கற்ற ஏராளமான எழுத்துகளை வைத்து, அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்துத்தான் பதிலைக் கோக்கிறது. அந்தக் கணிப்பு பெரும்பாலும் சரியாக இருக்கும், சில சமயம் முழுக்கத் தவறாக இருக்கும். இரண்டுக்கும் குரல் ஒன்றுதான். எங்கள் தலைமுறை, அச்சில் வந்தால் உண்மை, அழுத்தமாகச் சொன்னால் உண்மை என்று வளர்ந்தது. அதனால் நாங்கள் எளிதில் நம்பிவிடுவோம். ஓர் எடுத்துக்காட்டு: தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 2023 ஆகஸ்ட் முதல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது. பழைய விவரங்களை மட்டும் கற்ற ஏஐ 1,000 என்றே சொல்லலாம். கேட்டவர் தனக்குக் கூடுதலாக வந்துவிட்டதோ என்று பயப்படலாம், அல்லது குறைவாக வந்தாலும் சரிதான் என்று இருந்துவிடலாம். தொகை, தேதி, விதி என்று எது வந்தாலும் உரிய அலுவலகத்தில் ஒரு தடவை கேட்டுவிடு என்ற பழக்கத்தை யாராவது பக்கத்தில் இருந்து ஏற்படுத்த வேண்டும்.

மருந்து விஷயம் இதைவிடக் கடுமையானது. டாக்டர் கையெழுத்தில் உள்ள மருந்துச் சீட்டைப் படம் எடுத்துப் போட்டு, எந்த மாத்திரை எத்தனை என்று கேட்கிறார்கள். பெயர் ஒரே மாதிரி ஒலிக்கும் மாத்திரைகள் நிறைய. ஒன்றை இன்னொன்றாகப் படித்துவிட்டால் என்ன ஆகும்? சர்க்கரை மாத்திரையின் அளவைக் கூட்டலாமா குறைக்கலாமா என்பதை டாக்டரிடமோ, மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் பணியாளரிடமோ கேட்க வேண்டும். டாக்டரிடம் என்னென்ன கேட்பது என்று ஒரு பட்டியல் போட்டுக்கொள்ள ஏஐ உதவும், அதுவரைக்கும் சரி. மருத்துவத்தில் பயன்படும் ஏஐ முதியவர்களை ஒதுக்கிவிடக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனமே 2022-இல் ஒரு கொள்கைக் குறிப்பு வெளியிட்டு எச்சரித்தது. காரணம், அது கற்கும் தரவுகளில் வயதானவர்களின் பங்கு குறைவு.

வாடிக்கையாளர் சேவை எண் கேட்பதும் அப்படித்தான். இல்லாத எண்ணையோ மோசடிக்காரர் எண்ணையோ தந்துவிட வாய்ப்பு உண்டு. எண் வேண்டுமென்றால் பாஸ்புக்கில் இருப்பதை, ஏடிஎம் அட்டையின் பின்புறம் இருப்பதைப் பார்க்க வேண்டும்.

மோசடிக்காரர்களும் இதே ஏஐயைக் கையில் எடுத்துவிட்டார்கள். சில நொடிக் குரல் பதிவு கிடைத்தால் போதும், பேரன் குரலிலேயே “பாட்டி, ஆக்சிடென்ட் ஆயிடுச்சு, உடனே பணம் அனுப்புங்க” என்று பேசவைக்க முடிகிறது. வீடியோ அழைப்பில் காக்கிச் சட்டையோடு வந்து “டிஜிட்டல் கைது” என்று மிரட்டுகிறார்கள். அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் கிடையாது. பிரதமரே 2024 அக்டோபரில் வானொலி உரையில் இதைச் சொல்ல நேர்ந்தது. அழைப்பை வெட்டிவிட்டுப் பேரனின் பழைய எண்ணுக்குத் திரும்பக் கூப்பிட வேண்டும், பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும் என்பதெல்லாம் செய்தித்தாளில் படித்தால் மட்டும் பதியாது. இரண்டு மூன்று பேர் சேர்ந்து உட்கார்ந்து, ஒருவர் மோசடிக்காரர்போலப் பேசி, இன்னொருவர் பதில் சொல்லிப் பழகினால் பதியும். அதற்கு ஒரு பொது இடம் வேண்டும்.

ஏன் நூலகம் என்று கேட்பீர்கள். இ-சேவை மையத்தில் வேலையை முடித்துத் தருவார்கள், கற்றுத்தர அவர்களுக்கு நேரம் இல்லை. வங்கியில் வரிசை நிற்கும். பள்ளிக்கூடத்துக்குள் நாங்கள் போக முடியாது. நூலகத்தில்தான் காலையிலேயே செய்தித்தாள் படிக்க மூத்தவர்கள் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். நூலகர் எதையும் விற்பவர் அல்லர். அவர் சொன்னால் நம்புவோம்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த நூலகங்கள் எங்கள் பணத்தில் நடப்பவை. 1948-இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம், இந்தியாவிலேயே இந்த வகையில் முன்னோடி. அதன்படி சொத்து வரியோடு நூலக வரியையும் நாங்கள் காலமெல்லாம் கட்டி வந்திருக்கிறோம். அந்தச் சட்டம் வரப் பாடுபட்ட எஸ். ஆர். ரங்கநாதன் எங்கள் சீர்காழியில் பிறந்தவர் என்பதில் எனக்குப் பெருமை. 1931-இல் அவர் நூலாக வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது. அதே ஆண்டு அக்டோபரில் மன்னார்குடி பக்கம் மேலவாசலில் மாட்டுவண்டி நூலகம் ஒன்று தொடங்கிக் கிராமம் கிராமமாகப் போனது. அதைத் தொடங்கி வைத்தவரும் அவர்தான். வர முடியாதவரைத் தேடி நூலகம் போக வேண்டும் என்பது உங்கள் துறைக்குப் புதிதில்லை.

ரங்கநாதனின் அந்த விதியை நினைக்கும்போது எனக்கு முதலில் தோன்றுவது எங்கள் ஊரின் வயதான பெண்கள்தான். நடவு நட்டு, களை பறித்து, பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள். தாங்கள் படிக்கவில்லை. நூலகத்தின் படியை ஒரு நாளும் மிதித்ததில்லை, மிதிக்கக் காரணமும் இருந்ததில்லை. அவர்கள் இன்று ஒரு புத்தகத்தின் பக்கத்தைப் படம் எடுத்தால் கைப்பேசி வாசித்துக்காட்டும். நடுவில் நிறுத்தி, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கலாம். பயிருக்கு வந்த நோயைப் பற்றிக் கேட்கலாம். தேவாரத்தில் தன் ஊர் பாடப்பட்டிருக்கிறதா என்று கேட்கலாம். எழுத்தறியாதவருக்கு நூலகம் திறப்பது நம் காலத்தில்தான் முதன்முதலாக இவ்வளவு எளிதாகியிருக்கிறது. இதை நூலகத் துறை செய்யாவிட்டால் வேறு எந்தத் துறை செய்யும்?

ஆள் இல்லை, பணம் இல்லை என்பீர்கள். பல கிளைகளில் ஒரே ஒரு நூலகர்தான், ஊர்ப்புற நூலகங்களில் நிலைமை இன்னும் மோசம் என்பது எனக்குத் தெரியும். நூலகர் தலையில் இன்னொரு சுமையை ஏற்றச் சொல்லவில்லை. வீட்டை விட்டு வர முடியாதவர்களுக்குப் புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்கும் நூலக நண்பர்கள் திட்டத்தில் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். கல்லூரிகளில் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு முதலில் ஒரு நாள் பயிற்சி கொடுத்தால் போதும். சிங்கப்பூரில் 2020-இல் இதற்கென்றே ஒரு அலுவலகம் தொடங்கி, டிஜிட்டல் தூதர்கள் என்று ஆட்களைச் சேர்த்து, சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் மூத்தோருக்கு ஒருவருக்கு ஒருவராகக் கற்றுக்கொடுத்தார்கள். தமிழ் ஆட்சிமொழியாக உள்ள நாடு அது, அவர்கள் அனுபவத்தைக் கேட்டு வாங்குவதில் மொழித் தடைகூட இல்லை.

வேண்டிய பொருள்களும் அதிகமில்லை. வைஃபை வந்துவிட்ட கிளைகளில் முதலில் தொடங்கலாம். கிளைக்கு இரண்டு டேப்லெட், பெரிய எழுத்தில் அச்சிட்ட ஒரு சின்னக் கையேடு, கைப்பிடி உள்ள நாற்காலிகள். சொந்தமாக ஸ்மார்ட்போன் இல்லாத பெண்கள் அதிகம், பேரன் பள்ளிவிட்டு வந்தால்தான் அவர்கள் கைக்குப் போன் வரும், அதனால் அந்த இரண்டு டேப்லெட்டையும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். நேரம் பிற்பகல் 3 முதல் 5 வரை இருந்தால் பெண்கள் சமையலை முடித்துவிட்டு வருவார்கள். காலையில் வைத்தால் ஆண்கள் மட்டும்தான் வருவார்கள். இன்னொன்று, கழிப்பறை. பூட்டிக் கிடக்கும் கழிப்பறையைத் திறந்து தண்ணீர் வரச் செய்யாவிட்டால் எந்த மூத்த பெண்ணும் இரண்டு மணி நேரம் உட்கார மாட்டார். மற்ற ஏற்பாடெல்லாம் வீணாகும்.

சொல்லிக்கொடுக்க வரும் பிள்ளைகளுக்கு, ஆசிரியையாக இருந்தவள் என்ற உரிமையில் சில வார்த்தை. எங்கள் கையிலிருந்து போனைப் பிடுங்கி நீங்களே செய்து முடித்துவிடாதீர்கள். போன் எங்கள் கையிலேயே இருக்கட்டும், எங்கே தொட வேண்டும் என்று மட்டும் காட்டுங்கள். ஒரு நாளைக்கு ஒரு வேலை போதும். அவர் கொண்டுவந்த கடிதத்திலிருந்தே பாடத்தைத் தொடங்குங்கள். கடவுச்சொல்லையோ ஓடிபியையோ கேட்கவும் கூடாது, பார்க்கவும் கூடாது. நூலகத்தில் யாரும் பணப் பரிமாற்றம் செய்துகாட்ட வேண்டாம். ஆதார் அட்டையைப் படம் எடுத்து ஏஐயில் போடக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இந்த வகுப்புகளால் எதிர்த்திசையிலும் ஒரு பயன் உண்டு. இந்தச் செயலிகளுக்கு எங்கள் குரல் சரியாகப் பிடிபடுவதில்லை. யோசித்து யோசித்துப் பேசுவோம், இடையில் நிறுத்தினால் பேச்சு முடிந்தது என்று அது பதில் சொல்ல ஆரம்பித்துவிடுகிறது. பல் போனவர்கள் உச்சரிப்பு அதற்குக் குழப்பம். வட்டார வழக்குச் சொற்கள் சில புரிவதே இல்லை. ஒவ்வொரு கிளையிலும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து இவற்றைக் குறித்து, தமிழ் இணையக் கல்விக்கழகத்துக்கு அனுப்புங்கள். தமிழ் மொழித் தொழில்நுட்பத்தில் வேலை செய்பவர்களுக்கு இதைவிட நேரடியான தகவல் கிடைக்காது.

தென் கொரியாவில் தனியாக வசிக்கும் முதியவர்களை ஏஐ தொலைபேசியில் அழைத்துச் சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்று விசாரிக்கிறது. இங்கேயும் அது வரலாம். வரட்டும். எனக்கு அதைவிட வேண்டியது, பக்கத்துத் தெருக்காரர்கள் வாரம் ஒரு தடவையாவது ஒரே மேசையைச் சுற்றி உட்கார்வது. ஏஐ படிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வெளியே கிளம்பவும் எங்களுக்கு ஒரு காரணம் கிடைக்கும்.

அக்டோபர் 1 உலக முதியோர் நாள். 80 வயது கடந்த மத்திய அரசு ஓய்வூதியர்கள் ஆயுள் சான்று கொடுக்கத் தொடங்குவதும் அன்றுதான், மற்றவர்களுக்கு நவம்பர். கைப்பேசியில் முகத்தைக் காட்டியே ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் ஆயுள் சான்று பெறும் வசதி 2021 முதல் இருக்கிறது. இருந்தும் ஆட்டோ பிடித்து வங்கிக்கு அலைபவர்களை ஒவ்வொரு நவம்பரிலும் பார்க்கிறோம். வரும் அக்டோபருக்குள் மாவட்டத்துக்கு ஒரு கிளையிலாவது இதைத் தொடங்கிவிட்டால் முதல் பாடமாக அதையே வைக்கலாம்.

சீர்காழியில் தொடங்குவதாக இருந்தால் சொல்லி அனுப்புங்கள். கூடமாட உதவ ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் தயாராக இருக்கிறோம். எங்கள் தெருப் பெண்களை அழைத்து வரும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நூலக உறுப்பினர்,
சீர்காழி வட்டம், மயிலாடுதுறை மாவட்டம்